பிளம் மரம் நிறையப் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

இலைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிளம் மரம் இருக்கிறது. ஒட்டுக்கன்றாக வாங்கி நட்டது, இப்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இலை நல்ல பச்சை, நோய் என்று எதுவும் கண்ணில் படவில்லை. போன வருடமும் இந்த வருடமும் இலை வருவதற்கு முன்பே மரம் முழுக்க வெள்ளைப் பூ. ஒரு வாரம் கண்கொள்ளாக் காட்சி. அப்புறம் இதழ் கொட்டும், அடுத்த சில நாளில் காம்போடு சேர்ந்து மிச்சமும் கொட்டிவிடும். பட்டாணி அளவுக்குக்கூட ஒரு பிஞ்சு நிற்பதில்லை.

கன்றில் கட்டியிருந்த அட்டையில் "சிவப்பு பிளம்" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. ரகத்தின் பெயர் இல்லை. அக்கம்பக்கத்தில் வேறு பிளம் மரமும் கிடையாது. பொட்டாஷ் போட்டால் காய் நிற்கும் என்கிறார் ஒருவர். மரத்தைப் பாதியாக வெட்டிவிட்டால் அடுத்த வருடம் காய்க்கும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? இரண்டுமே தப்பா?

ஊதாப்பழம் எழுதியது:

எங்கள் மரத்துக்கும் இதே பிரச்சினைதான். பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன்.

வேர்முடி எழுதியது:

இலைநிழல், உரப் பையைத் தொடாதீர்கள், ரம்பத்தையும் எடுக்காதீர்கள். மரம் முழுக்கப் பூ வந்திருக்கிறது என்றாலே அதற்குச் சத்தும் இருக்கிறது, தேவையான குளிரும் கிடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பூ வருவது வேறு, காய் பிடிப்பது வேறு. உங்கள் மரம் முதல் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. இரண்டாவது வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வேண்டும்.

காம்போடு கொட்டுகிறது என்று சொன்னீர்களே, அதுதான் முக்கியமான தடயம். கருவுறாத பூவை மரம் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அடுத்த முறை கொட்டியதும் தரையிலிருந்து நாலைந்தைப் பொறுக்கி எடுங்கள். காம்பின் நுனியில் கிண்ணம் மாதிரி ஒரு பகுதி இருக்கும், அதற்குள் சின்னதாக ஒரு முடிச்சு. அதுதான் பிஞ்சாக வேண்டியது. நகத்தாலேயே நெடுக்காகக் கிழித்துப் பாருங்கள். உள்ளே கருத்தோ பழுப்பாகவோ இருந்தால் உறைபனி அடித்திருக்கிறது. பூ முழுதாக விரிந்த நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால் சேதம் தொடங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இதழ் அழகாகவே இருக்கும், உள்ளே செத்திருக்கும். வெட்டிப் பார்க்கும்போது பச்சையாகவே இருந்தால் பனி காரணமில்லை, மகரந்தம்தான் வந்து சேரவில்லை.

இனி ரகத்துக்கு வருவோம். தோட்டத்தில் வளர்ப்பவை பெரும்பாலும் இரண்டு இனம்: ஐரோப்பிய பிளம், ஜப்பானிய பிளம். இரண்டையும் பிளம் என்றே விற்கிறார்கள், ஆனால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவாது. ஐரோப்பிய பிளத்தின் செல்லில் 48 குரோமோசோம், ஜப்பானியதில் 16. அதனால் "பக்கத்தில் இன்னொரு பிளம் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஐரோப்பியத்துக்கு ஐரோப்பியம், ஜப்பானியத்துக்கு ஜப்பானியம்தான் துணை. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கவும் வேண்டும்.

ஐரோப்பிய வகையில் விக்டோரியா, ஸ்டான்லி போன்றவை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஒற்றை மரம் போதும். ஜப்பானிய வகையில் அப்படிப்பட்டவை குறைவு. மெத்லி தனியாகக் காய்க்கும். சான்டா ரோசா ஓரளவு காய்க்கும், துணை இருந்தால் நன்றாகக் காய்க்கும். மற்ற பெரும்பாலான ஜப்பானிய ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்வதில்லை. மகரந்தம் சூல்முடியில் விழும், முளைக்கக்கூடச் செய்யும், ஆனால் சூல்தண்டின் பாதி வழியிலேயே பூ அதை அடையாளம் கண்டு நிறுத்திவிடும். எத்தனை மூட்டை பொட்டாஷ் போட்டாலும் அந்தத் தடை விலகாது.

உங்களுடையது எந்த இனம் என்று இலையை வைத்தே ஓரளவு சொல்லலாம். இலை தடிப்பாக, அகலமாக, சுருக்கம் விழுந்து, அடிப்பக்கம் மெல்லிய ரோமத்தோடு இருந்தால் ஐரோப்பியம். மெல்லியதாக, நீளமாக, வழவழவென்று இருந்தால் ஜப்பானியம். ஒரு மொட்டிலிருந்து எத்தனை பூ வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானியத்தில் பெரும்பாலும் மூன்று வரும், ஐரோப்பியத்தில் ஒன்று அல்லது இரண்டு.

இலைநிழல் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இலை மெல்லியது, வழவழப்பு. கைபேசியில் எடுத்த பூப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு இடத்திலும் மும்மூன்றாகத்தான் இருக்கிறது. தரையில் கிடந்த சிலவற்றைக் கிழித்தேன். உள்ளே வெளிர்பச்சை, கருப்பு எங்கும் இல்லை. அப்படியென்றால் ஜப்பானியம், துணை இல்லை, அவ்வளவுதானா?

தேனடை எழுதியது:

வேர்முடி ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணை மரம் இருந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து இங்கே மகரந்தத்தைக் கொண்டுவரத் தேனீ வேண்டும். பிளத்தின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து போகாது.

சங்கடம் என்னவென்றால் ஜப்பானிய பிளம் மிகச் சீக்கிரம் பூத்துவிடும். அப்போது குளிர் முழுதாக விட்டிருக்காது. 10 டிகிரிக்குக் கீழே தேனீ கூட்டைவிட்டு அதிகம் வெளியே வராது. மழையிலும் பலத்த காற்றிலும் அப்படித்தான். குண்டுத்தேனீக்கள் இருக்கும் பகுதி என்றால் கவலை குறைவு, அவை குளிரிலும் வேலை செய்யும். அதனால் பூக்கும் வாரத்தில் ஒரு நாள் மதியம், வெயில் அடிக்கும்போது, மரத்தடியில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அந்த வாரத்தில் பூச்சிமருந்து எதையும் மரத்திலும் அடிக்காதீர்கள், பக்கத்துச் செடிகளிலும் அடிக்காதீர்கள். இயற்கை மருந்து என்று எழுதியிருந்தாலும் வேண்டாம்.

துணை மரம் வளர்ந்து பூக்கும்வரை வருடங்களை வீணாக்க வேண்டியதில்லை. எங்காவது வேறு ஜப்பானிய ரகம் பூத்திருந்தால் கேட்டு நாலு கிளை வெட்டி வாங்கி வாருங்கள். பாதி பூ விரிந்தும் பாதி மொட்டாகவும் இருக்கும் கிளைகளாக எடுக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் நட்டு வைத்து, அந்த வாளியை மரத்தின் நடுவில், கிளைகளுக்கிடையே கட்டிவிடுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் சில நாள் தாங்கும். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும். தேனீயே இல்லாத இடமென்றால் மெல்லிய தூரிகையால் அந்தப் பூவைத் தொட்டு இந்தப் பூவில் தடவலாம். நடுப்பகலில், மகரந்தப்பை வெடித்து மஞ்சள் தூள் தெரியும்போது செய்தால்தான் பலன்.

ஊதாப்பழம் எழுதியது:

வாளி யோசனை அருமை அக்கா. எங்கள் மரம் ஐரோப்பிய வகை போலிருக்கிறது, இலை தடிப்பு. ஆனால் பூக்கும் நேரத்தில் தினமும் தூறல். தேனீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அடுத்த முறை தூரிகையோடு தயாராக இருப்பேன்.

மொட்டைமாடி எழுதியது:

என் நிலைமை உங்களுக்கு நேரெதிர். தொட்டியில் ஒரு பிளம் வைத்திருக்கிறேன். பூவே வருவதில்லை. இலையும் ஒழுங்காக வராது. கிளையின் நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை, கீழே முழுக்க வெறும் குச்சி. இங்கே குளிர்காலம் என்பதே பெயருக்குத்தான். நிறைய உரம் போட்டும் பார்த்தாகிவிட்டது. தொட்டி சின்னதாக இருப்பதால் இப்படியா?

ஒட்டுக்குச்சி எழுதியது:

மொட்டைமாடி, தொட்டி காரணமில்லை. நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே குளிர்ப் பற்றாக்குறை. நுனியில் மட்டும் இலை, தாமதமாக முளைப்பது, பூத்தால் வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூப்பது, மொட்டு விரியாமலே உதிர்வது, எல்லாம் ஒரே காரணத்தின் பல முகங்கள்.

பிளம் மரம் இலையை உதிர்த்த பிறகு உறக்கத்துக்குப் போகிறது. அந்த உறக்கத்தில் இவ்வளவு நேரம் குளிரை உணர்ந்தால்தான் விழித்துக்கொள்ளும். நடுவில் ஒரு வெயில் நாள் வந்ததை நம்பிப் பூத்துப் பனியில் மாட்டிக்கொள்ளாமலிருக்க மரம் வைத்திருக்கும் காவல் இது. 7 டிகிரியை ஒட்டியும் அதற்குக் கீழும், உறைநிலைக்கு மேல், எத்தனை மணி நேரம் கழிந்தது என்று கூட்டுவதுதான் பழைய கணக்கு. ஐரோப்பிய ரகங்கள் பலவற்றுக்கு 700 மணி நேரத்துக்கு மேல் வேண்டும், சிலவற்றுக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஜப்பானியத்துக்கு அதைவிடக் குறைவு.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. குளிர்காலத்தின் நடுவே பகலில் நல்ல வெயில் அடித்தால், இரவில் சேர்த்த குளிரில் ஒரு பகுதி கழிந்துவிடும். 1974இல் பீச் மரங்களை வைத்து உருவாக்கிய யூட்டா கணக்குமுறை இதைத்தான் சேர்த்துக்கொண்டது. 16 டிகிரியைத் தாண்டும் ஒவ்வொரு மணி நேரமும் கழித்தல் கணக்கில் போகும். இரவு நன்றாகக் குளிர்கிறதே, மரம் ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் பகல் வெப்பத்தைப் பார்க்க வேண்டும்.

உங்களுக்குக் குறைந்த குளிர் போதுமான ரகம்தான் வழி. ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய கல்ஃப் வரிசை ரகங்களுக்கு 250 மணி நேரத்தை ஒட்டிய குளிர் போதும். ஆனால் அவற்றுக்குத் துணை ரகம் வேண்டும். ஒற்றைத் தொட்டி மட்டுமே வைக்க முடியுமென்றால் மெத்லி தேடுங்கள். அந்தக் குளிர்கூட இல்லாத இடமென்றால், மனம் வருந்தினாலும் சொல்லிவிடுகிறேன், பிளம் அங்கே அழகுச் செடியாகத்தான் இருக்கும். தண்ணீரில் ஐஸ் போடுவது, இலையை உருவி விடுவது என்று ஏதேதோ சொல்வார்கள். ஐஸ் வேரைத்தான் குளிர்விக்கும், குளிரை எண்ணுவது மொட்டு.

மொட்டைமாடி எழுதியது:

நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இங்கே 250 மணி கிடைக்குமா என்று வெப்பநிலைப் பதிவுகளை எடுத்துக் கூட்டிப் பார்க்கப் போகிறேன். கிடைக்குமென்றால் எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

ஒட்டுக்குச்சி எழுதியது:

50 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். அடியில் ஓட்டை நிறைய வேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. குட்டையான வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) ஒட்டிய கன்றாக வாங்குங்கள். பிக்ஸி அப்படிப்பட்டது. செயின்ட் ஜூலியன் ஏ நடுத்தரம், மரம் 4 மீட்டருக்கு மேல் போகும். மைரோபலான் வேர்ச்செடி இன்னும் முரட்டு வளர்ச்சி, தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கவாத்துக்கத்தி எழுதியது:

பாதியாக வெட்டிவிடச் சொன்னதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே. நான் சொல்கிறேன். அப்படி வெட்டினால் என்ன நடக்கும்? வேர் அதே அளவில் இருக்கிறது, மேலே பாதி மரம்தான் இருக்கிறது. அத்தனை சாரமும் மிச்சக் கிளைகளில் பாயும், நெட்டையாக ஈட்டி ஈட்டியாகப் போத்துகள் கிளம்பும். அவை அடுத்த வருடம் காய்க்காது. காய்க்கும் இடம் எது என்று தெரியாமல் பிளத்தில் கத்தி வைக்கவே கூடாது.

கிளையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பெரிய கிளைகளின் மேல் விரல் நீளத்துக்கும் குறைவாக, கணு கணுவாகச் சுருக்கம் விழுந்த சின்னக் குச்சிகள் ஒட்டியிருக்கும். காய்ந்துபோனது என்று நினைத்துப் பலர் சுத்தம் செய்துவிடுகிறார்கள். மரத்தின் விளைச்சலே அந்தக் குறுங்கிளைகளில்தான். அதில் உருண்டையாக உப்பியிருப்பது பூமொட்டு, ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலைமொட்டு. ஐரோப்பிய பிளம் பெரும்பாலும் இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆன கட்டையில் இருக்கும் இந்தக் குறுங்கிளைகளில் காய்க்கும். ஜப்பானியம் இவற்றோடு போன வருடம் வளர்ந்த கிளையிலும் காய்க்கும். அதனால்தான் ஜப்பானியத்துக்குக் கவாத்து கொஞ்சம் தாராளமாகத் தேவைப்படும், ஐரோப்பியத்துக்கு அடக்கமாகப் போதும்.

நேரம் இன்னும் முக்கியம். இலை இருக்கும்போது, கோடையில், காய்ந்த நாளாகப் பார்த்து வெட்டுங்கள். குளிர்காலத்தில் பிளத்தைத் தொடவே கூடாது. வெள்ளியிலை நோய் என்ற பூஞ்சாணம் ஈரக் குளிரில் வித்துகளைப் பரப்பும், வெட்டுக்காயம் வழியாக மரத்துக்குள் போகும். இலை ஈயம் பூசியது போல மினுங்கும். நோய் இலையில் இல்லை, கட்டைக்குள் இருக்கிறது. அதன் நஞ்சு இலையின் மேல்தோலைக் கீழுள்ள அடுக்கிலிருந்து பிரித்துவிடுகிறது, இடையில் புகுந்த காற்றுதான் வெள்ளியாகத் தெரிகிறது. சந்தேகமான கிளையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் பழுப்புக் கறை இருக்கும். கறை முடிந்த இடத்துக்கும் கீழே இன்னும் ஒரு சாண் சேர்த்து வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

செம்மண்காடு எழுதியது:

கவாத்துக்கத்தி அண்ணா, "தொடவே கூடாது" என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் பக்கம் குளிர்காலம் வறண்டது, மழை துளியும் கிடையாது. மழை முழுக்கக் கோடையில்தான். நீங்கள் சொல்கிறபடி கோடையில் வெட்டினால் பச்சைக் காயத்தின் மேல் தினமும் மழை விழும். பாக்டீரியா நோய்தான் வரும். ஜப்பானிய பிளத்தை இலை உதிர்ந்த பிறகு, மொட்டு உப்புவதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டுவதுதான் இங்கே சரியாக இருக்கிறது. இலை இல்லாதபோது மரத்தின் அமைப்பும் தெளிவாகத் தெரிகிறது.

கவாத்துக்கத்தி எழுதியது:

நியாயமான பேச்சு. நான் குளிரும் ஈரமும் சேர்ந்து வரும் இடத்தை மனதில் வைத்துத்தான் எழுதினேன். மாதத்தைப் பிடித்துக்கொள்ளாமல் ஈரத்தைப் பாருங்கள் என்று சொன்னால் இருவருக்கும் பொருந்தும். வெட்டிய காயம் காய்வதற்கு மழையில்லாத சில நாள் வேண்டும். ஆனால் ஒன்றில் மட்டும் நான் மாற மாட்டேன்: ஈரமான குளிர்காலத்தில் பெரிய கிளையை அறுப்பது மரத்துக்குச் செய்யும் கொடுமை.

வடிவத்தைப் பற்றியும் இலைநிழல் தெரிந்துகொள்ளட்டும். நடுவைத் திறந்து விட்டு, மூன்று நான்கு முதன்மைக் கிளைகளை நாலு பக்கமும் சாய்வாக விரிய விடுங்கள். உள்ளே வெயில் விழ வேண்டும். நேர் செங்குத்தாக நடுவில் கிளம்பும் போத்துகளை இளசிலேயே கையால் ஒடித்துவிடலாம். ஒட்டுக்குக் கீழே, வேரிலிருந்து கிளம்பும் கன்றுகள் வேர்ச்செடியுடையவை. அவற்றைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று போன இடத்தில் நாலு வரும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள்.

ஊதாப்பழம் எழுதியது:

தண்டில் தேன்நிறத்தில் பிசின் வடிகிறது. இதுவும் நோயா? பயமாக இருக்கிறது.

வேர்முடி எழுதியது:

பிசின் என்பது பிளம் மரத்தின் பொதுவான பதில். காயம் பட்டாலும் வடியும், பூச்சி துளைத்தாலும் வடியும், வேரில் தண்ணீர் தேங்கினாலும் வடியும். பிசினைத் துடைத்துவிட்டு அடியில் பாருங்கள். பட்டை கெட்டியாகப் பச்சையாக இருந்தால் பயமில்லை. பிசினோடு மரத்தூள் கலந்திருந்தால் உள்ளே துளைப்பான் இருக்கிறது. பட்டை அமுங்கி, பழுப்பாகி, புளித்த வாடை அடித்தால் பாக்டீரியாப் புற்று. காய்ந்த நாளில் நல்ல கட்டைவரை செதுக்கி எடுக்க வேண்டும். பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் உண்மையான காரணம் வடிகால்தான். ஒரு முழம் ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் பிளத்துக்கு ஆகாது, மேடு கட்டித்தான் நட வேண்டும்.

செங்காய் எழுதியது:

இங்கே எல்லோரும் காயே இல்லை என்கிறீர்கள். எங்கள் மரத்தில் அளவுக்கு மீறிக் காய்த்துவிட்டது. கிளை வளைந்து தரையைத் தொடுகிறது. காயைப் பறித்து எறியச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை. இயற்கையாக வந்ததை ஏன் பறிக்க வேண்டும்?

கவாத்துக்கத்தி எழுதியது:

பறியுங்கள், இன்றைக்கே. மரத்துக்கு வேண்டியது விதை. உங்களுக்கு வேண்டியது பழம். இரண்டும் ஒன்றல்ல. நூறு சின்னக் காயில் நூறு கொட்டை கிடைத்துவிட்டால் மரத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது, அதில் சதையும் இனிப்பும் இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டில்லை. கொட்டையை உருவாக்குவதுதான் மரத்துக்குப் பெரிய செலவு. அதனால் கொட்டை கெட்டியாவதற்கு முன்பே கலைக்க வேண்டும். மரம் தானாகக் கொஞ்சம் பிஞ்சை உதிர்க்கும், அது முடிந்ததும் நீங்கள் தொடங்குங்கள். ஒரு பிஞ்சைக் கத்தியால் அறுத்துப் பாருங்கள். கொட்டைக்குள் கத்தி வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் நேரம் இருக்கிறது. நறநறவென்று தட்டினால் தாமதமாகிவிட்டது, ஆனாலும் கிளையைக் காப்பாற்றுவதற்காகவாவது பறியுங்கள்.

ஐரோப்பியத்துக்குக் காய்க்குக் காய் 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளி, பெரிய பழம் தரும் ஜப்பானியத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல். ஒட்டிப்பிறந்தவை, பூச்சி கடித்தவை, கிளைக்கடியில் வெயில் படாமல் தொங்குபவை முதலில் போகட்டும். பிளம் கட்டை முறுகலானது. எடை தாங்காமல் நார்நாராகப் பிளந்தால் அந்தக் காயம் ஆறுவதே இல்லை, நான் மேலே சொன்ன வெள்ளியிலைக்கு அதுதான் வாசல். இப்போதே கவைக்கோல் வெட்டி முட்டுக் கொடுங்கள், கிளை படும் இடத்தில் பழைய துணியைச் சுற்றுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வருடம் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் அடுத்த வருடம் மரம் ஓய்வெடுக்கும். அடுத்த வருடத்துப் பூமொட்டு உருவாவது இந்தக் கோடையில்தான்.

செங்காய் எழுதியது:

இரண்டு கூடை நிறையப் பிஞ்சு பறித்தாயிற்று. கை வலிக்கிறது, மனசும்தான். முட்டும் கொடுத்துவிட்டேன். போன முறை பழுக்கும் நேரத்தில் மழை பெய்து பாதிப் பழம் வெடித்தது, மிச்சம் அழுகியது. அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?

வேர்முடி எழுதியது:

வெடிப்பு தண்ணீர் ஏற்றத்தாழ்வால் வருவது. மண் காய்ந்து கிடக்கும்போது தோல் விரியும் தன்மையை இழந்துவிடும், திடீரென்று பெருமழை வந்தால் சதை உப்பும், தோல் கிழியும். மழையை நிறுத்த முடியாது, மண்ணைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கிளை பரந்திருக்கும் அகலத்துக்கு நல்ல கனமாக மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. காய் பருக்கும் காலத்தில் தண்ணீரைச் சீராகக் கொடுங்கள்.

அழுகல் பழுப்பழுகல் பூஞ்சாணமாக இருக்கும். பழத்தின் மேல் சாம்பல் பழுப்பில் சின்னச் சின்னப் பொட்டுகள் வட்டம் வட்டமாகத் தெரிந்ததா? அதுதான். ஒரு பழம் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரமே கொத்து முழுக்கப் பரவும். காய் கலைத்தது இதற்கும் உதவும். அழுகிய பழம் சுருங்கிக் கருப்பாகி, கீழே விழாமல் கிளையிலேயே தொங்கும். அடுத்த வருடத்துக்கான நோய் முழுக்க அதற்குள் இருக்கிறது. இலை உதிர்ந்ததும் ஏணி போட்டு ஒன்றுவிடாமல் பறித்துவிடுங்கள், தரையில் கிடப்பதையும் பொறுக்குங்கள். எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். மருந்தைவிட இந்த ஒரு வேலைக்குத்தான் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். அதில் வளரும் கொழுத்த இளந்தளிர் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்து, பழமும் மெத்தென்றாகிச் சீக்கிரம் அழுகும். மட்கிய தொழுவுரம் வருடத்துக்கு ஒரு முறை போதும்.

தேனடை எழுதியது:

எப்போது பறிப்பது என்பதையும் கேட்டுவிடுவார்கள், நானே சொல்லிவிடுகிறேன். நிறத்தை நம்பாதீர்கள், பல ரகங்கள் பழுப்பதற்கு வெகு முன்பே சிவந்துவிடும். காம்புப் பக்கத்துத் தோள் லேசாக அமுங்க வேண்டும், பழத்தைத் தூக்கிச் சுழற்றினால் எளிதாகக் கழல வேண்டும். ஜப்பானியத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பறித்தாலும் வீட்டில் கனியும். ஐரோப்பியத்தை மரத்திலேயே விட்டால்தான் முழு இனிப்பு. தோலின் மேல் இருக்கும் வெள்ளைப் படிவு மருந்தல்ல, பழத்தின் சொந்த மெழுகு. கை படாமல் பறித்தால் அது அப்படியே இருக்கும், பழமும் கூடுதல் நாள் தாங்கும்.

இலைநிழல் எழுதியது:

எவ்வளவு விஷயம்! ஆனால் என் தோட்டத்தில் இன்னொரு மரத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு வருடமும் பூங்கிளை தேடி அலையவும் முடியாது. கொட்டை போட்டு ஒரு கன்றை ஓரமாக வளர்த்து வெட்டி வெட்டிச் சின்னதாக வைத்துக்கொண்டால் துணைக்கு ஆகுமா?

ஒட்டுக்குச்சி எழுதியது:

கொட்டை வேண்டாம். ஈர மணலில் குளிர்பெட்டியில் மூன்று மாதம் வைத்தால் முளைக்கும், ஆனால் பூக்கப் பல வருடம் ஆகும். எப்போது பூக்கும், எந்த மாதிரி மகரந்தம் தரும் என்பது எதுவும் நிச்சயமில்லை.

இடமில்லாதவருக்கு மிக நல்ல வழி, இருக்கிற மரத்திலேயே துணை ரகத்தின் ஒரு கிளையை ஒட்டிவிடுவது. நன்றாக வளர்ந்த ஒரே ஒரு கிளை மரம் முழுக்கக் காய் பிடிக்க வைக்கும். சான்டா ரோசா உங்கள் மரத்துக்கு ஏற்ற துணையாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது, பல ஜப்பானிய ரகங்களுக்கு அது மகரந்தம் கொடுக்கும். லூதர் பர்பாங்க் 1885இல் ஜப்பானிலிருந்து பிளம் கன்றுகளை வரவழைத்து, கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் வருடக்கணக்காகக் கலப்பு செய்து 1906இல் வெளியிட்ட ரகம் அது. இன்று ஜப்பானிய பிளம் என்று நாம் வாங்குபவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கலப்புகள்தான். உங்கள் மரமே சான்டா ரோசாவாக இருந்துவிட்டால் அதன் கிளை பயன்படாது என்பதால், இரண்டு வேறு ரகங்களின் குச்சிகளை ஆளுக்கொரு இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது இருக்கும்.

மரம் உறக்கத்தில் இருக்கும்போது, போன வருடம் வளர்ந்த, பென்சில் கனமுள்ள குச்சியை எடுங்கள். மொட்டு உப்பத் தொடங்கும் சமயத்தில் உங்கள் மரத்தின் வெளிப்பக்கத்தில், வெயில் படும் இடத்தில், அதே கனமுள்ள கிளையாகப் பார்த்து ஒட்டுங்கள். இரண்டிலும் ஒரே சாய்வில் நீளமாக ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தி கூர்மையாக இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்காதீர்கள். பட்டைக்கு அடியில் நூல் கனத்துக்கு ஒரு பச்சைப் படலம் தெரியும். குச்சியின் பச்சையும் கிளையின் பச்சையும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட வேண்டும், உயிர் ஓடுவது அதில்தான். இறுக்கமாக நாடா சுற்றி, குச்சியின் நுனிவெட்டிலும் மெழுகு வையுங்கள். பிடித்துக்கொண்டு வளர ஆரம்பித்ததும் நாடாவைத் தளர்த்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கழுத்தை நெரித்துவிடும்.

ஒட்டிய கிளையில் அழியாத மையில் ஒரு தகடு கட்டித் தொங்கவிடுங்கள். சில வருடம் கழித்து வேறு யாராவது கவாத்துச் செய்யும்போது துணைக் கிளையையே அறுத்துத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இலைநிழல் எழுதியது:

இதைத்தான் செய்யப் போகிறேன். வேறு ஜப்பானிய ரகங்கள் வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும், குச்சி கேட்டால் தருவார். குச்சியை எடுத்ததும் உடனே ஒட்ட வேண்டுமா, வைத்திருக்கலாமா?

ஒட்டுக்குச்சி எழுதியது:

வைத்திருக்கலாம், வைத்திருப்பதுதான் நல்லதும்கூட. குச்சி உறக்கத்தில் இருக்க வேண்டும், உங்கள் மரம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரத்தாளைப் பிழிந்து குச்சியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும். தாள் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் வரும். அதே பெட்டியில் ஆப்பிள் வைக்காதீர்கள், பழத்திலிருந்து வரும் எத்திலீன் மொட்டைக் கெடுக்கும்.

அப்புறம், குச்சி கொடுக்கும் மரத்தை இலை இருக்கும்போதே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். இலையில் வெளிறிய வளையங்கள் தெரிந்தாலோ, பழத்தில் வளையமாகக் குழி விழுந்து முன்கூட்டியே உதிர்ந்தாலோ அந்த மரத்திலிருந்து ஒரு குச்சிகூட எடுக்காதீர்கள். ஷார்கா என்ற வைரஸ் அப்படித்தான் தெரியும், ஒட்டின் வழியாக வரும், அசுவினி மூலமும் பரவும், மருந்து கிடையாது. சில நாடுகளில் அதைக் கண்டால் அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மரம் சுத்தமாக இருந்தால் இலை முழுக்க உதிர்ந்த பிறகு, உறைபனி இல்லாத ஒரு நாள் போய் வெட்டி வாருங்கள். ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்து குச்சி எடுங்கள், எந்த ரகம் என்று அங்கேயே எழுதிக் கட்டிவிடுங்கள்.